கண்ணாடி அலமாரியில் இருந்த கடாரம்

நம் வயதுக்காரர்கள் ஒன்று சேர்ந்தால் சிங்கப்பூரின் பழைய தேக்கா வட்டாரத்தைப் பேசுவோம். மாட்டுக் கொட்டகை, பாசார் என்ற பழைய சந்தை, மழை வெள்ளத்தில் மிதந்த முட்டைக்கோஸ். எல்லாம் நீங்களும் பார்த்ததுதான். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு அலமாரியைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் சரித்திரப் புத்தகம் படிப்பதை இன்று வரை விடவில்லை. கிளமெண்டி நூலகத்தில் அந்த வரிசைக்குப் போகிற கிழவி நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருநாள் கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க கதைப் புத்தகமே எடுக்க மாட்டீங்களா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் மலாயாவோடு சேருமா சேராதா என்று பெரியவர்கள் காப்பிக்கடையில் சண்டை போட்ட காலம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். ஆறாவது முடிந்ததும் நின்றுவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. யாரும் அதைப் பேசவில்லை. பேச அதில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் கையைவிட்டுப் போனால் எனக்கு மிச்சம் இருந்தது, எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்துப் படிப்பகம் ஒன்றுதான்.

அப்பா கல்யாணச் சமையல்காரர். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடியில் ஓர் அறை எங்களுக்கு. பாத்திரங்கள் கீழே, படிக்கட்டுக்கு அடியில். அண்டா, குண்டான், கடாரம். கடாரம்தான் எல்லாவற்றிலும் பெரியது. பித்தளை. நான் உள்ளே இறங்கி உட்கார்ந்து புளி போட்டுத் துலக்குவேன். உள்ளே இருந்து பேசினால் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்கும். புளியும் பித்தளையும் சேர்ந்த அந்த வாடை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. பாத்திரம்தான் இல்லை. அலுமினியம் வந்த பிறகு எடைக்குப் போட்டுவிட்டோம்.

தீபாவளி முடிந்த சமயம். கச்சாங் பூத்தே விற்கிறவரிடம் ஐந்து காசுக்குக் கடலை வாங்கினேன். தலையில் தட்டு வைத்து வருவாரே, பழைய புத்தகத் தாளைச் சுருட்டி அதில் போட்டுத் தருவாரே, அவரேதான். கடலையைத் தின்றுவிட்டுத் தாளைப் பிரித்தேன். எண்ணெய் ஊறியிருந்தது. படிக்க முடிந்தது. ஒரு சோழ ராஜா கப்பல் கப்பலாகப் படை அனுப்பினான், கடலைக் கடந்தான், கடாரத்தைப் பிடித்தான் என்று இருந்தது. அடுத்த வரி "அங்கே" என்று ஆரம்பித்தது. தாள் அதோடு முடிந்துவிட்டது.

அங்கே என்ன?

ஓடிப் போய்க் கேட்டேன். "மாமா, இதோட அடுத்த தாள் இருக்கா?"

"எதோட?"

"இந்தப் புத்தகத்தோட."

"அதுல நேத்தே பட்டாணி போட்டுக் குடுத்தாச்சு. மிச்ச சரித்திரத்த ஊரே தின்னுருச்சு, போ."

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். இரண்டு முறை படிக்கச் சொன்னார். கூட்டாளி சாம்பார் மாமாவும் இருந்தார். சாம்பார் அவர் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர்.

"ஒரு கடாரத்துக்கா இத்தனை கப்பலு?" என்றார் மாமா.

"சாதாரணக் கடாரமா இருக்காதுய்யா. ராஜா புடிக்கிற கடாரம். ஊருக்கே ஒரு தரம் பொங்கினாப் போதும்னா எவ்வளவு பெருசு இருக்கும்!"

"தங்கமோ?"

"தங்கமும் இருக்கலாம். அதத் தூக்க ஆள் வேணும்ல? அதான் அத்தனை கப்பலு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சமையல்காரர் வீட்டில் கடாரம் என்றால் வேறு என்ன? அப்பா அன்று சந்தோஷமாக இருந்தார். தன் தொழில் பாத்திரத்துக்காக ஒரு ராஜா கடல் தாண்டியிருக்கிறான். அடுப்படியில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த "அங்கே" போதவில்லை. தாளை எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்குப் போனேன்.

படிப்பகம் ஒரு மசாலா மில்லுக்கு மேலே. கீழே மிளகாய் அரைத்தால் பலகை இடுக்கு வழியாக நெடி ஏறும். மேலே பத்திரிகை படிக்கிறவர்கள் வரிசையாகத் தும்முவார்கள். சிறுவர்களுக்குச் சன்னலோரம் ஒரு தட்டு, கதைப் புத்தகங்கள். எதிர்ச் சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. மேலே "வரலாறு, பண்பாடு" என்று எழுதியிருக்கும். பூட்டியிருக்கும். சங்க உறுப்பினர்களுக்கு மட்டும். பெரிய பெண்கள் படியேறுவதில்லை. ஏறக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

படிப்பகக்காரருக்குப் பகலில் துறைமுகத்தில் சாமான் எண்ணும் வேலை. சாயங்காலம் சாவியோடு வருவார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம அலமாரியில இருக்கிற புத்தகம்லா. எழுத்தப் பாத்தாலே தெரியுது. ரெண்டாந்தட்டு, பச்ச அட்ட."

"குடுங்க மாமா. இங்கயே படிச்சிட்டுத் தர்றேன்."

"அது பெரியவங்க புத்தகம். நீ அந்தப் பக்கம் போ. புதுசா முயல் கதை வந்திருக்கு."

"முயல் வேணாம்."

"நரி இருக்கு."

"நரியும் வேணாம். ராஜா அங்க போயி என்ன செஞ்சான்னு மட்டும் சொல்லுங்க."

"நான் அதப் படிச்சதில்ல, பிள்ள."

அவர் கெட்டவர் இல்லை. சின்னப் பெண் கிழித்துவிடும் என்று பயம். அலமாரி அவர் பொறுப்பு. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

நான் தினமும் போனேன். கண்ணாடி முன்னால் நின்று புத்தக முதுகுகளைப் படித்தேன். கல்வெட்டு, நாணயம், கோயில், ஆடை அணி, கடல் வாணிகம். உள்ளே என்ன இருக்கும் என்று நானே யோசித்துக்கொள்வேன். கதையில் எனக்குப் பிடிப்பு இல்லை. முயல் ஜெயிக்கும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இதில் அப்படி இல்லை. இது நடந்தது என்கிறார்கள். நடந்தது என்றால் யாருக்கு நடந்தது, அப்புறம் அந்த ஆள் என்ன ஆனான் என்று கேட்கலாம். முயலிடம் அப்படிக் கேட்க முடியாது.

கார்த்திகையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். ஜவுளிக் கடைக்காரர் வீடு. நானும் வெங்காயம் உரிக்கப் போயிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் விருந்தாளி. சாப்பாடு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க நாலு பேரோடு அடுப்படிப் பக்கம் வந்தார். அப்பா துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாங்க வாத்தியாரே. உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காலத்துல இந்த மாதிரி ஒரு கடாரத்துக்காக நம்ம ராஜா கப்பல் ஏறி வந்திருக்கான்."

வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

"யோவ்! கடாரம்னா கெடாய்யா! மேல மலாயாவுல இருக்கே, அலோர் ஸ்டார் பக்கம், அந்த ஊரு! சட்டி இல்ல!" கூட வந்தவர்களிடம் திரும்பினார். "பாருங்க, நம்ம ஆளு சரித்திரத்த அடுப்புல ஏத்திட்டாரு."

நாலு பேரும் சிரித்தார்கள். சாம்பார் மாமா குனிந்து விறகைத் தள்ளினார். அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வாத்தியார் சொன்னது சரிதான். அது ஊர்தான். ஆனால் பல வருடம் கழித்து வேறொரு புத்தகத்தில் ஒன்று பார்த்தேன். அந்த ஊருக்கு வடமொழியில் இருந்த பழைய பெயருக்குக் கொப்பரை என்றும் அர்த்தம் உண்டாம். ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம். எது உறுதி என்று எனக்குத் தெரியாது. அப்பா அப்போது இல்லை. வாத்தியாரும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சோறு வடித்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாளே பாசாரில் பெயர் வைத்துவிட்டார்கள். கடாரம் கொண்டான். அது அந்த ராஜாவுக்கு இருந்த பட்டமாம். வாத்தியார் எடுத்துக் கொடுத்திருப்பார்.

"என்ன கடாரம் கொண்டான், பசியாறியாச்சா?"

"இன்னைக்கு எந்த நாட்டு மேல படையெடுப்பு? வெங்காய நாடா, உருளைக்கிழங்கு நாடா?"

அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டில் என்னைக் கூப்பிட்டார். சுவரில் ரோத்தான் பிரம்பு தொங்கியது. அதை எடுக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"படிச்சது போதும். அந்த மில்லு மேல இனிமே நீ ஏறக் கூடாது."

"அப்பா, அந்தப் புத்தகத்துல..."

"புத்தகத்தாலதான் நான் தல குனிஞ்சு நடக்கிறேன். ஏறின, கால உடைப்பேன்."

என் மேல் கோபம் என்று அப்போது நினைத்தேன். இல்லை. அவர் கூட்டாளிகள் முன்னால் சின்னவராகிப்போனார். இருபது அடுப்பை ஒரே சமயத்தில் ஆளுகிற மனிதர். அந்த அவமானத்தை இறக்கி வைக்க அவருக்கு வேறு இடம் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்தது. மார்கழி வந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அப்பாவுக்கு வேலை கிடையாது. பாத்திரங்களைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தோம். ஓட்டுக் கூரை ஒழுகி அந்தக் கடாரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. டங், டங். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். நான் அம்மாவோடு அரிசியில் கல் பொறுக்குவேன். நான் அழவில்லை. அழுதால் அலமாரிக் கதவு திறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படிப் போவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அப்பா வெளியே போயிருந்தார். அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வாத்தியாரு கெடான்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன். மேல இருக்கிற கெடா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, "நான் பொறந்தது அங்கதான்" என்றார்.

எனக்குத் தெரியாது. அம்மா மலாயாவிலிருந்து வந்தவர் என்று மட்டும் தெரியும். ரப்பர்த் தோட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே சிலர் தோட்டத்துக்காரி என்று இளக்காரமாகச் சொன்னார்களாம். அதோடு ஊரின் பெயரை வாயில் எடுப்பதில்லை. அப்பாவும் எடுக்க வேண்டாம் என்றிருக்கிறார். அம்மாவை யாரும் கேலி செய்யக் கூடாது என்று அவர் நினைப்பு. அதற்காக அம்மாவின் ஊரையே மறைத்துவிட்டார்.

"பெரிய மழ பேஞ்சா ஆத்தோரம் மண்ணு சரியும்," என்றார் அம்மா. "உள்ள செங்கல் தெரியும். பழசு. வரிசையா. யாரு கட்டினதுன்னு யாருக்கும் தெரியாது. நாங்க பேத்து எடுத்துட்டு வந்து அடுப்புக் கட்டினோம். பூ செதுக்கின கல்லு ஒண்ணு கெடச்சுது. நான் அதுல மஞ்சள் ஒரசுவேன்."

நான் பொறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

"அந்தப் புத்தகத்துல செங்கல் வருதா?"

"தெரியாதும்மா. கண்ணாடிக்குள்ள இருக்கு."

"போயிக் கேப்போம்."

"அப்பா ஏறக் கூடாதுன்னுட்டாரு."

"உன்னைத்தானே சொன்னாரு. எங்கிட்டச் சொல்லலையே. நான் ஏறுறேன். நீ எனக்குத் துணைக்கு வா."

சாயங்காலம் அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டார். சந்தைக்குப் போகும் சேலை இல்லை, கோயிலுக்குப் போகும் சேலை. மில்லின் பக்கவாட்டுப் படி செங்குத்து. ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். எல்லாப் பத்திரிகையும் ஒரே சமயத்தில் கீழே இறங்கியது.

படிப்பகக்காரர் எழுந்து வந்தார். "என்ன தங்கச்சி? யாரையும் தேடுறியா?"

"புத்தகம் வேணும்ணே. ரெண்டாந்தட்டு, பச்ச அட்ட."

"இங்க பொம்பளைங்க வர்றதில்லயேம்மா."

"வந்துட்டேனே."

"அலமாரி உறுப்பினருக்குத்தான். புத்தகம் வெளிய போகாது."

"வெளிய வேணாம். அவ படிப்பா, நான் கேப்பேன். நீங்க பக்கத்துலயே நின்னுக்குங்க. ஒரு தாளு கசங்கினா ரெண்டு பேரும் எறங்கிப் போயிடுறோம்."

"எதுக்கும்மா உனக்கு அது?"

"எங்க ஊரு அதுல இருக்காம்."

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே மில் ஓட ஆரம்பித்தது. மிளகாய். முதலில் மூலையில் ஒருவர் தும்மினார், பிறகு எல்லாரும். படிப்பகக்காரருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அம்மா மட்டும் அசையாமல் நின்றார். சமையல்காரர் பெண்சாதிக்கு அது ஒரு நெடியா? படிப்பகக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தார். தும்மலில் வேறு வாதம் அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பச்சை அட்டை என் மடிக்கு வந்தது. நான் நினைத்ததைவிடக் கனம். பழைய காகித வாசனை. அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாம்பார் மாமா பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா வாசலில் நின்றார். மழையில் நனைந்திருந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"எறங்குங்க ரெண்டு பேரும்."

பின்னால் பத்திரிகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கடாரம் கொண்டானே வந்துட்டாருப்பா. இனி நமக்குத்தான் போரு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். பொது இடத்தில் அவர் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.

"சரியாத்தான் கூப்பிடுறீங்க. நான் பொறந்தது கெடாவுல, தோட்டத்துல. கடாரத்துல பொண்ணு கொண்டவருதான் அவரு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

பத்திரிகைகள் மறுபடியும் கீழே இறங்கின. பிறகு மூலையில் இருந்தவர் சத்தமாகச் சிரித்தார். இது வேறு சிரிப்பு. "அட, ஆமால்ல! ராஜா சாமானத் தூக்கினான். நம்ம ஆளு பொண்ணையே கூட்டிட்டு வந்துட்டாரு!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டார், இத்தனை பேர் முன்னால். அப்பா முகத்தில் என்ன ஓடியது என்று எனக்கு அன்று தெரியவில்லை. இன்றும் முழுதாகத் தெரியாது.

"படி," என்றார் அம்மா என்னிடம்.

படித்தேன். நிறுத்தவில்லை. ராஜாவின் கப்பல்கள் போயின. கடாரத்தைப் பிடித்தார்கள். அங்கே இருந்த யானைகளையும் பொக்கிஷத்தையும் மணி பதித்த வாசல் கதவையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு திரும்பினார்கள். அடுத்த பத்தியில் ராஜா ஊரில் ஏரி வெட்டிக்கொண்டிருந்தான்.

"திரும்பிப் போயிட்டாங்களா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"அங்க இருந்த ஜனங்க?"

"எழுதல."

"செங்கல் கட்டினவங்க?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னாலும் பார்த்தேன். "இல்லம்மா. இவ்வளவுதான் இருக்கு."

அறுபது வருடமாகச் சரித்திரம் படிக்கிறேன். அதில் பாதி இப்படித்தான் முடிகிறது. ராஜா வருவான், எடுப்பான், போவான். அங்கேயே இருந்தவர்களைப் பற்றி வேறு எங்காவது தேட வேண்டும். பெரும்பாலும் கிடைக்காது. சில சமயம் ஓர் அடிக்குறிப்பில் ஒரு சட்டி இருக்கும், ஓர் உடைந்த விளக்கு இருக்கும். அதற்காகத்தான் படிக்கிறேன்.

அன்று எனக்கு அது தெரியாது. புத்தகம் ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். மூடி, படிப்பகக்காரரிடம் நீட்டினேன். இறங்க வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

அப்பா இன்னும் வாசலில் நின்றார்.

"என்ன செங்கல்லு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எங்க தோட்டத்துல இருந்துச்சு. பழைய கட்டடம். மண்ணுக்கு அடியில."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்ல."

"நீங்க கேட்டதில்ல."

அப்பா குனிந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஈரக் கால் தடம் பலகையில் பதிந்தது. கண்ணாடிக் கதவு திறந்தபடி இருந்தது. அதற்கு முன்னால் போய் நின்றார். அத்தனை புத்தகத்தையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அண்ணே, அந்தச் செங்கல்லப் பத்தி இதுல எதுல இருக்கும்?"

"தெரியலப்பா. இருக்கோ இல்லையோ. ஒண்ணொண்ணாத் தேடித்தான் பாக்கணும். யாருக்கு நேரம் இருக்கு?"

"இவளுக்கு இருக்கு," என்றார் அப்பா. "பள்ளிக்கூடம் முடிஞ்சிருச்சு. தேடட்டும்."

படிப்பகக்காரர் சாவியை ஒருமுறை பார்த்தார், பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அலமாரியைப் பூட்டவில்லை.

நான் மேல்தட்டில் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன்.